நோயாளியின் மொழிக்கு மதிப்பெண் சுழியமா?

மருத்துவம் என்பது மருத்துவன் ஒருவனால் மட்டும் நிறைவுறுவதன்று. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அம் மருந்தை அருகிருந்து ஊட்டிப் பேணுபவன் என அதற்கு உறுப்பு நான்கு என்று மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில் வரையறை செய்தார் திருவள்ளுவப் பெருந்தகை. அந் நான்காமவனுக்கு அவர் இட்ட பெயர் உழைச்செல்வான் என்பது. உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கலிலேயே இருப்பவன் என்பது அச் சொல்லின் பொருள். இன்று நாம் செவிலியர் என்று வழங்கும் பணி அதுவேயாகும்.

செவிலி என்னும் சொல்லின் சிறப்பையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். கழகக் காலத்து அகப்பாடல்களில் நற்றாய் ஈன்றவள், செவிலித்தாயோ வளர்த்தவள். தலைவியின் முகவாட்டத்தைக் கண்ட அளவில் அவள் உள்ளத்து நோயை உணர முயல்பவள் செவிலியே. 'நர்சு' என்ற ஆங்கிலச் சொல்லையும் 'தாதி' என்ற வடசொல்லையும் ஒதுக்கி, இத் தூய தமிழ்ப் பெயரைத் தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் நாம் நிலைபெறச் செய்தோம். பெயரைத் தமிழாக்கிவிட்டோம், மகிழ்ச்சி. ஆனால் அப் பெயருக்குரியவளைத் தேர்ந்தெடுக்கும் வாயிலில் தமிழுக்கு என்ன இடம் இருக்கின்றது? இக் கேள்வியைத் தமிழ்ப்பற்றுடையார் இதுவரை உரத்துக் கேட்கவில்லை. இனியேனும் கேட்டாக வேண்டும்.

இந்தியச் செவிலியர் மன்றம், செவிலியப் பட்டப்படிப்பிற்கான திருத்திய நெறிமுறைகளை 2021-ஆம் ஆண்டு அரசிதழில் வெளியிட்டது. அதில் நுழைவுத் தேர்வு எவ்வாறு அமைதல் வேண்டும் என்றும் வகுத்துரைத்தது. மொத்தம் 100 மதிப்பெண். செவிலியப் பணிக்கான உளப்பாங்கு 20, இயற்பியல் 20, வேதியியல் 20, உயிரியல் 20, ஆங்கிலம் 20. கூட்டிப் பாருங்கள், நூறு நிறைந்துவிட்டது. நோயாளி பேசும் மொழிக்கு அதில் எஞ்சியது சுழியம்! தில்லியை முதலிடமாகக் கொண்ட அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் செவிலியப் பட்டப்படிப்புத் தேர்வோ இயற்பியல் 30, வேதியியல் 30, உயிரியல் 30, பொது அறிவு 10 என அமைந்தது. அதன் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தமிழ்ப் பெண் தன் மொழியில் வினாவைப் படிக்கவும் அங்கே வழியில்லை.

நம் தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு மேனிலைப் பள்ளித் தேர்வு மதிப்பெண்ணே அடிப்படையாக இருந்து வருகின்றது. தொழிற்கல்விக்கென 1984-இல் இங்கே புகுத்தப்பட்ட நுழைவுத் தேர்வு, சிற்றூர்ப் பிள்ளைகளை வடிகட்டி வெளியே தள்ளுகின்றது என்று கண்டபின், 2006-இல் இயற்றப்பட்டு 2007-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் நீக்கப்பட்டது. அது தமிழ்நாடு பெற்ற பேறு. ஆனால் அப் பேறு என்றும் நிலைத்திருக்கும் என்று நாம் உறங்கிவிட இயலாது. மருத்துவப் படிப்பிற்கு நீட் தேர்வு 2017 முதல் நம் தலைமேல் ஏற்றப்பட்டதை மறந்தவர் எவர்? படைத்துறை மருத்துவமனைகளின் செவிலியப் பட்டப்படிப்பிற்கும் நீட் மதிப்பெண்ணே கேட்கப்படுகின்றது. நாடாளுமன்றம் 2023-இல் நிறைவேற்றிய தேசியச் செவிலிய, மகப்பேற்றுதவிப் பணி ஆணையச் சட்டம், நாடு முழுமைக்கும் ஒரே சீரான சேர்க்கை முறையை வகுக்கும் பொறுப்பை அவ் ஆணையத்தின் கையில் வைத்துள்ளது. ஒரே சீர் என்னும் சொல் எப்போதெல்லாம் தில்லியிலிருந்து வருகின்றதோ அப்போதெல்லாம் தமிழே முதலில் களையப்பட்டது என்பது நாம் பட்டறிந்த உண்மை.

இதனால் நேரும் இழப்பு யாருக்கு என்பதை எங்கள் ஊரை வைத்தே காட்டலாம். குன்றம் என்னும் நற்றமிழ்ச் சொல் இருக்கவும் கிரி என்னும் அயற்சொல்லைச் சுமந்து நிற்கும் ஊர் சங்ககிரி. தீரன் சின்னமலை 1805-இல் தூக்கிலேற்றப்பட்ட மலைக்கோட்டை எம் கண்முன்னே நிற்கின்றது. சரக்குந்து ஓட்டுவோர், விசைத்தறி நெய்வோர், நூற்பாலை வேலைக்குச் செல்வோர், நிலக்கடலையும் பருத்தியும் விளைப்போர் ஆகியோரின் பெண்மக்களே எம் அரசுப் பள்ளிகளில் பயில்கின்றனர். அவர்களுள் பலர்க்குச் செவிலியர் ஆதல் பெருங்கனவு. குடும்பத்தில் முதன்முதலாகத் திங்கள் ஊதியம் பெறப்போகும் பெண் அவளாகவே இருப்பாள். நாமக்கல், இராசிபுரம் பக்கத்து உறைவிடப் பள்ளிகளில் பணங்கட்டிப் பயில இயலாதவள். சேலத்துப் பயிற்சி நிலையத்திற்கு நாள்தோறும் பேருந்தில் சென்று வரவும் கையில் பொருளற்றவள்.

அத்தகைய மாணவி ஒருத்தி, மத்திய நிறுவனம் ஒன்றன் செவிலியத் தேர்வுக்கென யாரோ கொடுத்த பழைய வினாத்தொகுப்பு ஒன்றை என்னிடம் கொண்டுவந்தாள். 'டிசுப்னியா' என்றால் என்ன என்று அதில் ஒரு வினா. அவளுக்குத் தெரியவில்லை. மூச்சுத்திணறல் என்று நான் கூறியவுடன் அவள் முகம் மலர்ந்தது. தன் பாட்டிக்கு இரைப்பு வந்தால் முதுகுக்குப் பின்னே தலையணைகளை அடுக்கி நிமிர்த்தி உட்காரவைப்பதையும், பலகணியைத் திறந்துவிடுவதையும், உதடு நீலம்பாய்ந்தால் காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதையும் மடமடவென்று உரைத்தாள். மூச்சுத்திணறலுக்குச் செய்ய வேண்டிய முதற்பணிவிடை முழுவதும் அவள் கையில் இருந்தது. அதன் கிரேக்கப் பெயர் ஒன்றுதான் இல்லை. பெயர் தெரிந்து பணிவிடை தெரியாதவள் உள்ளே செல்வாள். பணிவிடை தெரிந்து பெயர் தெரியாதவள் வெளியே நிற்பாள். இஃது என்ன தேர்வு?

நோய் என்பது முதலில் சொல்லாகவே வெளிப்படுகின்றது. கருவி காட்டுவதற்கு முன்னே, குருதி ஆய்வு சொல்வதற்கு முன்னே, நோயாளியின் நாவே அதனைச் சொல்கின்றது. தலை விண்விண் என்று தெறிக்கின்றது, வயிறு பிசைகின்றது, முறுக்குகின்றது, விலாவில் சுருக்கெனக் குத்துகின்றது, மூட்டு குடைகின்றது, கால் உளைகின்றது, புண் காந்துகின்றது, பாதம் மதமதக்கின்றது, நீர் கடுக்கின்றது, கண் உறுத்துகின்றது, பல் கூசுகின்றது. இவை ஒவ்வொன்றும் தனித்தனி நோவு. தமிழ் ஒன்றுக்கொன்று வேறுபடுத்தி வைத்திருக்கும் இச் சொற்களை எல்லாம் வலி என்ற ஒரே சொல்லில் அடைத்து ஏட்டில் எழுதிவிட்டால், நோயாளி சொன்னதில் பாதி அங்கேயே தொலைந்துபோகும். நெஞ்சு கரிக்கின்றது என்பவன் வேறு. நெஞ்சை அழுத்திப் பிடிக்கின்றது என்பவன் வேறு. பின்னவனை ஒரு நொடியும் காக்க வைக்காமல் மருத்துவரிடம் சேர்ப்பவளே செவிலி. எம் கொங்குப் பக்கத்து முதியவர் மேலுக்கு முடியவில்லை என்றால், மேல் என்பது உடம்பைக் குறிக்கும் என்று அறியாதவள் அவருக்கு எங்ஙனம் உதவுவாள்?

நோவுச் சொற்களின் அருமையை மேலை நாட்டார் நன்கு உணர்ந்துள்ளனர். கனடா நாட்டு மெக்கில் பல்கலைக்கழகத்து உளவியலறிஞர் மெல்சாக்கு என்பார், நோயாளிகள் வலியைக் கூறப் பயன்படுத்தும் ஆங்கிலச் சொற்கள் 78-ஐ 20 தொகுதிகளாகப் பகுத்து, 1975-இல் ஒரு வினாநிரலை வெளியிட்டார். வலியை அளக்கும் கருவியாக உலக மருத்துவர் அதனைக் கைக்கொண்டனர். ஆங்கிலேயன் வலிக்குச் சொல் பதித்தால் அஃது அறிவியல். தமிழச்சி சொன்னால் அது நாட்டுப்புறப் பேச்சு என்று தள்ளுவதா?

எங்கள் பக்கத்து நூற்பாலைகளிலிருந்து மற்றோர் எடுத்துக்காட்டு. பஞ்சுத் தூசியை ஆண்டுக்கணக்கில் உள்ளிழுப்பவர்க்கு வரும் நுரையீரல் நோய்க்கு ஒரு தனி அடையாளம் உண்டு. கிழமை விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும். அடுத்தடுத்த நாள்களில் சற்றுத் தணியும். இதனை எந்தப் படக்கருவியும் முதலில் காட்டுவதில்லை. விடுமுறை முடிந்து ஆலைக்குப் போகும் நாளில்தான் நெஞ்சை இறுக்குகின்றதா அம்மா என்று அவள் மொழியில், அவள் அஞ்சாத குரலில் கேட்கும் செவிலியே அதனை வெளிக்கொணர முடியும். உளப்பாங்குத் தேர்வு என்று 20 மதிப்பெண் வைத்தவர்கள், இவ் வினாவைத் தொடுக்கும் திறனை எம்மொழியில் சோதிக்கப் போகின்றனர்?

ஆங்கிலம் இன்றேல் அயல்நாட்டு வேலை கிடைக்காதே என்பார் உளர். அயல்நாட்டு வேலையையே அளவுகோலாகக் கொள்வோம். செருமனி நாட்டில் செவிலியராகப் பணியாற்ற விழைவோர், பொதுவாக அந் நாட்டு மொழியில் பி2 என்னும் தகுதிநிலையை எய்தியாதல் வேண்டும். சப்பானுக்கு இந்தோனேசியாவிலிருந்து 2008 முதலும் பிலிப்பைன்சிலிருந்து 2009 முதலும் செவிலியர் சென்றனர். அவர்கள் சப்பானிய மொழியிலேயே அந் நாட்டுத் தேர்வை எழுதினர். தேறாதவர் பலர் திரும்பினர். இங்கிலாந்து செல்வோர்க்கு ஆங்கிலத் தேர்வு. அதற்கென ஏற்கப்பட்ட தொழில்சார் ஆங்கிலத் தேர்வில், தேர்வாளர் ஒருவர் நோயாளியாக நடிப்பார். அவரோடு உரையாடித் தேற்றுவதே வினா. இம் மூன்று நாடுகளும் ஒன்றையே கேட்கின்றன: எம் நோயாளியின் மொழி உனக்குத் தெரியுமா? இக் கேள்வியைக் கேட்கும் தன்மானம் நமக்கு மட்டும் இல்லாமற் போனது ஏன்? செருமானிய நோயாளிக்காகச் செருமானியம் பயில ஆயத்தமாக இருக்கும் நாம், எடப்பாடி நோயாளிக்காகத் தமிழ் வேண்டும் என்று சொல்லக் கூசுவது அடிமை மனப்பான்மை அன்றி வேறென்ன?

இதனை எவர்மீதும் கொண்ட பகையாகக் கருத வேண்டா. பிற மொழியினரான செவிலியர் பலர் தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் பணியாற்றி, தமிழ் கற்று, நம் மக்களைத் தாய்போல் பேணியுள்ளனர். அவர்களுக்கு நம் வணக்கம் உரியது. நோயாளியின் மொழியை அவர்கள் தேடிக் கற்றார்கள் என்பதே நம் கொள்கைக்குச் சான்று.

தமிழில் மருத்துவச் சொல் இல்லை, நூல் இல்லை என்னும் பழம்பல்லவியையும் கேட்டுச் சலித்துவிட்டோம். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிரீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மகப்பேற்று மருத்துவ நூலை 1857-இலேயே தமிழில் தந்தார். அறுவை மருத்துவம், உடற்கூறு, வேதியியல் நூல்களும் தொடர்ந்து வந்தன. அவர் உருவாக்கிய மருத்துவர் அறுபதின்மர்க்கு மேற்பட்டோர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழ்வழிக் கற்றோர். அந் நூல்களின் பெயர்களில் வடசொல் மலிந்திருப்பது உண்மையே. ஆயினும் கடல்கடந்து வந்த ஒருவர் 19-ஆம் நூற்றாண்டில் செய்ததை, தமிழகத்தில் பிறந்தோர் 21-ஆம் நூற்றாண்டில் இயலாது என்பது நாணத்தக்கது.

நம் சேலமும் இவ்வகையில் பின்தங்கியதன்று. 1916-இல் இராசகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் சேலத்தில் அறிவியற் கலைச்சொல் ஆக்கத்திற்கென ஒரு கழகம் கண்டு இதழும் வெளியிட்டனர். அவர்தம் மொழிக்கொள்கை நமக்கு உடன்பாடன்று. எனினும் தமிழில் அறிவியல் முடியும் என்னும் முயற்சி இம் மண்ணில் அன்றே முளைத்தது. அதே 1916-இல்தான் மறைமலையடிகளார் தனித்தமிழ் இயக்கத்திற்கு வித்திட்டார். பின்னர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ் கற்பித்த மொழிஞாயிறு பாவாணர், எக் கருத்திற்கும் தமிழ் வேரிலிருந்தே சொல் ஆக்கலாம் என்பதைத் தம் வாழ்நாள் உழைப்பால் நிறுவிக் காட்டினார். இன்றும் அரசுப் பள்ளிகளின் மேனிலைத் தொழிற்பிரிவில் செவிலியம் என்னும் பாடநூல் தமிழிலேயே உள்ளது. நூலும் உண்டு, சொல்லும் உண்டு. இல்லாதது மனம்.

தமிழில் மொழிபெயர்த்த வினாத்தாள் தருகின்றோமே என்று ஆள்வோர் கூறலாம். 2018-இல் நீட் தேர்வின் தமிழ்த்தாளில் நேர்ந்ததை மறக்கவில்லை. 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை இருந்ததென வழக்கு எழுந்தது. சிறுத்தை வகையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'சீத்தா' என்றே எழுதப்பட்டிருந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. மதுரை உயர் முறைமன்றக் கிளை 196 மதிப்பெண் வழங்க ஆணையிட்டது. உச்ச முறைமன்றம் அவ் ஆண்டே அதனை நீக்கிவிட்டது. ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே முடிவானது என்பது அத் தேர்வின் விதி. ஆங்கிலம் உரிமைக்காரி, தமிழ் அண்டிப் பிழைப்பவள் என்ற ஏற்பாட்டில் தமிழ்த்தாள் என்பது பெயரளவே. வினா தமிழிலேயே பிறத்தல் வேண்டும்.

இனி, இத் துறைக்கு ஆயத்தமாகும் நம் மாணவியர்க்குச் சில சொற்கள். உரிமைப்போர் ஒருபுறம் நடக்கட்டும். தேர்வு நாள் காத்திராது. ஆங்கிலத்தைக் கற்கவேண்டா என்று யாம் கூறவில்லை. கருவியாகக் கற்க, தலைவியாக ஏற்காதே என்பதே எம் அறிவுரை.

முதலாவதாக, 11, 12-ஆம் வகுப்பு உயிரியலையும் வேதியியலையும் தமிழ்ப் பாடநூலில் வரிவிடாமல் படித்து உணர்க. நெஞ்சாங்குலையின் நான்கு அறைகளையும் குருதி செல்லும் வழியையும் படம் எழுதி, எழுத்தறியாத உன் தாய்க்கு விளக்கிச் சொல். அவள் தலையசைத்தால் உனக்குப் பாடம் தெரியும். பொருள் உணராமல் ஆங்கில வரியை உருப்போட்டவள், வினாவைச் சிறிது திருப்பிக் கேட்டால் திகைத்து நிற்பாள்.

இரண்டாவதாக, ஆங்கில மருத்துவச் சொற்களைக் கண்டு அஞ்சாதே. அவற்றுட் பெரும்பாலன கிரேக்க, இலத்தீன வேர்களின் கூட்டு. வேரைப் பிடித்தால் மரம் கையில் வரும். 'ஐட்டிசு' என்று முடிந்தால் அழற்சி. எனவே எப்பாட்டைட்டிசு கல்லீரல் அழற்சி, கேசுட்ரைட்டிசு இரைப்பை அழற்சி, நெப்ரைட்டிசு சிறுநீரக அழற்சி, ஆர்த்ரைட்டிசு மூட்டழற்சி. 'டாக்கி' விரைவு, 'பிராடி' மெதுவு. 'டிசு' இடர்ப்பாடு, 'ப்னியா' மூச்சு. இரண்டும் சேர்ந்ததே மேலே கண்ட மூச்சுத்திணறல். முப்பது வேர் கற்றால் முந்நூறு சொல் விளங்கும். பகுதி, விகுதி பிரிக்கும் பழக்கம் தமிழிலக்கணம் பயின்றவளுக்குப் புதிதா?

மூன்றாவதாக, கணக்கைப் புறக்கணியாதே. 500 மில்லி லிட்டர் உப்புநீரை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். குழாயில் ஒரு மில்லி லிட்டருக்கு 20 துளி வீழும் என்று கொள். மொத்தம் 10,000 துளி. 240 மணித்துளிகளால் வகுத்தால் மணித்துளிக்கு ஏறத்தாழ 42 துளி. இதில் ஒரு சுழியம் பிறழ்ந்தால் மதிப்பெண் மட்டுமன்று, பின்னாளில் ஓர் உயிரும் போகலாம்.

நான்காவதாக, ஒரு குறிப்பேடு வைத்துக்கொள். உன் தெருவிலுள்ள முதியோர் தம் நோவுகளைக் கூறும் சொற்களை முதற்பத்தியில் எழுது. நூல்வழக்குச் சொல்லை இரண்டாம் பத்தியில் எழுது. ஆங்கிலச் சொல்லை மூன்றாம் பத்தியில் எழுது. எப் பயிற்சி நிலையமும் இந் நூலை உனக்கு விற்காது. உளப்பாங்கு வினாவிற்கும் பிற்காலப் பணிக்கும் இதுவே உனக்குத் துணை.

அரசுக்கு நாம் வைக்கும் வேண்டுகைகள் தெளிவானவை. செவிலியச் சேர்க்கையில் அனைத்திந்திய நுழைவுத் தேர்வு எதனையும் தமிழ்நாடு ஏற்றல் கூடாது. எந்நிலையிலேனும் தேர்வொன்று வைக்கப்படுமாயின், ஆங்கிலத்திற்கு உள்ள மதிப்பெண் தமிழுக்கும் வேண்டும். உளப்பாங்கு வினாக்கள் தமிழில் ஆக்கப்பட வேண்டும். பயிலும் ஆண்டுகளில் நோயாளியைத் தமிழில் வினவி, தமிழில் தேற்றி, தமிழில் விளக்கும் திறன் தனியே மதிப்பிடப்பட வேண்டும். பாடநூல்களில் கலைச்சொற்கள் இருமொழியிலும் அருகருகே நிற்க வேண்டும்.

இவை நடவாதவை அல்ல. அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த்தாளில் 40 விழுக்காடு பெற்றாலன்றி ஏனைய தாள்கள் மதிப்பிடப்படா என்று 2021-இல் தமிழ்நாட்டரசே ஆணையிட்டது. செவிலியரை அமர்த்தும் மருத்துவப் பணியாளர் தேர்விலும் தமிழ்த் தகுதி கேட்கப்படுகின்றது. வேலைக்குச் சேரும் கதவில் தமிழைக் கேட்கும் அரசு, படிப்பிற்குச் சேரும் கதவில் தமிழை மறந்தது ஏன்? இரு கதவிற்கும் இடையே உள்ள நான்காண்டுகளும் தமிழின்றிக் கழிந்தால், இறுதியில் வைக்கும் தமிழ்த்தாள் வெறும் சடங்காகிவிடாதா?

தமிழ்நெஞ்சங்களே! ஆட்சிமொழி, கல்விமொழி, வழிபாட்டுமொழி என்று பல களங்களில் நாம் போராடியுள்ளோம். நோய்ப்படுக்கையும் ஒரு களமே. மாந்தன் தன் வாழ்வில் மிக மெலிந்து கிடக்கும் நேரம் அது. கற்ற மொழியெல்லாம் அப்போது கைவிட்டுப் போகும். வாயில் வருவது தாய்மொழி ஒன்றே. ஐயோ என்றும் அம்மா என்றும் அவன் அரற்றும்போது, அச் சொல்லின் முழுப்பொருளும் அறிந்தவள் அவன் பக்கலில் இருத்தல் வேண்டும். உங்கள் ஊர்ப் பள்ளியில் செவிலியம் பயில விழையும் பெண் எவள் என்று இத் திங்களே கேட்டறியுங்கள். அவளுக்குத் தமிழ்ப் பாடநூல் வாங்கிக் கொடுங்கள்; மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கற்றுக்கொடுங்கள்; சட்டமன்ற உறுப்பினரிடம் இவ் வேண்டுகைகளை எழுத்தில் தாருங்கள். நாளை நம்மைப் பேண வரப்போகின்றவள் அவளே.